பெட்டி மிஸ்ஸும் பாதி கிளாஸும்

பெட்டி என்ற பெயரோடு பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வளர்வது அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. ஞானஸ்நானத்தில் எலிசபெத் என்று அழகாகத்தான் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டி என்று சுருக்கிவிட்டார்கள். சுருக்கியவர்கள் தமிழ் தெரியாதவர்களும் இல்லை. அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. விளைவு, பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டி, டிரங்குப்பெட்டி, சவப்பெட்டி என்று உலகத்தில் உள்ள எல்லாப் பெட்டியும் அவள் ஒருத்தியாகவே இருக்க வேண்டியிருந்தது. கல்யாண விருந்தில்கூட மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கைப் பிடுங்கி, லாயிட் இனிமேல் எங்கே போனாலும் பெட்டியோடுதான் போவான் என்றார். அதற்கு விழுந்து விழுந்து சிரித்தவர்களின் முகங்கள் அவளுக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன.

இப்போது பாடம் எடுக்கிற கல்லூரியிலும் அவள் பெட்டி மிஸ்தான். பாடம் ஊட்டச்சத்து. அதையும் அவளாக ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்ல முடியாது. பி.யு.சி. முடித்துவிட்டு பி.காம். வேண்டும் என்று போய் நின்றபோது, ஒரு கான்வென்ட் கல்லூரியில் ஹோம் சயின்ஸில் மட்டும்தான் இடம் இருந்தது. சமையல் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நினைத்துச் சேர்ந்தாள். சேர்ந்த பிறகுதான் அதில் சமையலைவிட வேதியியல் அதிகம் என்று தெரிந்தது. அழுதுகொண்டே படித்து, கடைசியில் வகுப்பில் முதலாவதாக வந்தாள். அவள் சுபாவம் அப்படி. வேண்டாம் என்று நினைத்த காரியத்தையும் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது.

பிறகு கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் வேலை. பன்னிரண்டு வருடம் கட்டில் கட்டிலாகப் போய், இதைச் சாப்பிடுங்கள், அதைக் குடிக்காதீர்கள் என்று சொன்னாள். நோயாளிகள் தலையாட்டினார்கள். பக்கத்தில் நின்ற மனைவிமார்கள் இன்னும் பலமாகத் தலையாட்டினார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் குடும்பத்தோடு கேட்டுக்கு வெளியே நின்று கரும்பு ஜூஸ் குடித்தார்கள். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அது நன்றாகவே தெரியும்.

அந்த வேலையை அவள் விட்டது ஒரு பையனால். இருபத்தாறு வயது. ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, சுகர் என்று சொல்லிவிட்டார்களே என்று உட்கார்ந்திருந்தான். தினமும் தண்ணீருக்குப் பதிலாகப் பாட்டில் பாட்டிலாகக் கூல் டிரிங்க்ஸ் குடித்து வந்தவன். அவள் தன் வழக்கமான பாடத்தைச் சொல்லி முடித்ததும், "இத காலேஜ்லயே யாராவது சொல்லியிருக்கலாமே மேடம்" என்றான். சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பானா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அந்த வருடமே ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, பானஸ்வாடி பக்கம் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்தாள்.

கெஸ்ட் லெக்சரர் என்றால் கூப்பிட்டால் வர வேண்டும், வேண்டாம் என்றால் போக வேண்டும். முதலாம் ஆண்டு மாணவர்கள் எல்லோருக்கும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவள் வகுப்பு. வியாழக்கிழமை, அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆகவே அது தூங்குவதற்கென்றே கல்லூரி ஒதுக்கிய நேரம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். பெட்டிக்கு அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வியாழனும் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போவாள்.

முதல் இரண்டு வருடம் அவள் பயமுறுத்திப் பார்த்தாள். ஒரு பாட்டில் கூல் டிரிங்க்ஸில் எவ்வளவு சர்க்கரை என்று கண்ணெதிரே கரண்டி கரண்டியாகக் கொட்டிக் காட்டினாள். பிள்ளைகள் ஆவென்று பார்த்தார்கள், போனில் படம் பிடித்தார்கள், மணி அடித்ததும் நேராகக் கேன்டீனுக்குப் போய் அதே பாட்டிலை வாங்கினார்கள். ஒருவன் அவள் மாடிப்படி இறங்கி வருவதைப் பார்த்து, பாட்டிலைத் தூக்கி 'சியர்ஸ் மிஸ்' என்றுகூடச் சொன்னான்.

மூன்றாவது வருடம் அவள் இறங்கி வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கிற வயதா அது? அதனால் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள், "யாரையும் நிறுத்தச் சொல்லல. குடிக்கறதுல பாதி குடிங்க, போதும். தாகம் எடுத்தா தண்ணி, இல்லன்னா மோர்." இவ்வளவுதான் அந்த வருடத்துப் பாடம். மற்றதெல்லாம் அதையே வேறு வேறு மாதிரி சொன்னது. தூங்குகிறவர்கள் தூங்கினார்கள். ஆனால் யாரும் சியர்ஸ் சொல்லவில்லை. அதையே அவள் ஒரு முன்னேற்றமாக எடுத்துக்கொண்டாள்.

அந்த வருடம்தான் புதுப் பிரின்சிபல் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதற்கும் அத்தாட்சி கேட்கிற மனிதர், அவ்வளவுதான். இந்த வியாழக்கிழமை வகுப்பால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்டார். உண்டு என்று பெட்டி நம்பினாள். நம்பிக்கை போதாது, காட்டுங்கள் என்றார். முதல் வகுப்புக்கு முன்னாலேயே பிள்ளைகளின் போனுக்கு ஒரு கேள்வி அனுப்ப வேண்டும், இனிப்புப் பானம் ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறீர்கள் என்று. செமஸ்டர் முடிகிறபோது அதே கேள்வி மறுபடி. எண்ணிக்கை குறைந்தால் அந்த வகுப்பு இருக்கும், அவளும் இருப்பாள். குறையாவிட்டால் அந்த நேரம் இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிற ஒரு கம்பெனிக்குப் போகும். வகுப்பில்லாத கெஸ்ட் லெக்சரரைக் கல்லூரி விருந்தாளியாகக்கூட வைத்துக்கொள்ளாது.

வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாமல் போய்விடாது. மெயின் ரோட்டில் லாயிடுடைய டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நன்றாகவே ஓடுகிறது. அவள் பயந்தது அதற்கில்லை. இத்தனை வருடம் வாய் வலிக்கப் பேசியதை ஒருத்தர்கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று ஒரு எண் வந்து சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? அவளுக்குத் தெரிந்தது பேசுவது ஒன்றுதான்.

செமஸ்டர் கடைசியில் கணக்குப் போட்டுத் தந்தது பரத். புள்ளியியல் லெக்சரர், சின்ன வயது, யாருக்கும் கெட்ட செய்தி சொல்லிப் பழக்கமில்லாதவர். ஸ்டாஃப் ரூமில் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பாமலே வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ஏறியிருக்கு மேடம்" என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். விளையாடவில்லை. ஜூலையில் ஆளுக்கு ஒன்றரை என்று இருந்தது, இப்போது இரண்டரையைத் தாண்டி நின்றது. அவள் பேசப் பேசப் பிள்ளைகள் அதிகமாகக் குடித்திருக்கிறார்கள். பேசாமல் இருந்திருந்தால் குறைந்திருக்குமோ என்னவோ. பரத் மெதுவாக ஒரு யோசனை சொன்னார், வகுப்புக்கு ஒழுங்காக வராதவர்களின் பதிலை எடுத்துவிட்டுப் பார்க்கலாமே என்று. தப்பு இல்லை, பலர் செய்வதுதான் என்றும் சொன்னார். பெட்டிக்குச் சுருக்கென்றது.

"ஆஸ்பத்திரில டெஸ்ட் ரிசல்ட் பிடிக்கலன்னா வேற ஆள் ரத்தத்த அனுப்புவோமா பரத்? இருக்கறது இருக்கட்டும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே வீறாப்பெல்லாம் இறங்கிவிட்டது. லாயிட் ஃபிரிட்ஜைத் திறந்து மாம்பழ டிரிங்க் குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். கட்டிய புருஷனையே திருத்த முடியவில்லை, ஊரான் பிள்ளைகளைத் திருத்தக் கிளம்பினோமே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. விஷயத்தைக் கேட்டு லாயிட் ஆறுதல் சொல்ல முயன்றான். ஜூலையில் வெட்கப்பட்டுக்கொண்டு குறைத்து எழுதியிருப்பார்கள், இப்போது உன்னிடம் பயம் விட்டுப்போய் உண்மையை எழுதியிருப்பார்கள் என்றான். நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். அதைக் கேட்டபின் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் காலை அவளுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. கேன்டீன் நாணு அகப்பட்டான். குடகிலிருந்து வந்தவன், கேன்டீனுக்கு வருகிற எல்லோரிடமும் அவரவர் பாஷையில் பேசுவான், எதையும் விற்றுவிடுவான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஏதாவது செய்து பிள்ளைகளைக் கெடுத்திருப்பான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். ஆசிரியர்களுக்குக் காபி மாடிக்கே வந்துவிடும் என்பதால் இந்த செமஸ்டரில் அவள் இடைவேளை நேரத்தில் கேன்டீன் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அன்று இடைவேளை மணி அடித்ததும் படியிறங்கிப் போய், கவுன்டரில் கூட்டம் குறையட்டும் என்று ஒரு தூண் ஓரமாக நின்றாள். சண்டைக்கு வந்தவள் வரிசையில் நிற்க முடியுமா?

வரிசையில் முன்னால் நின்றவன் ஹரிஷ்குமார். அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர்.

"நாணுண்ணா, ஒந்து ரோஸ் மில்க். பை த்ரீ."

நாணு ஒரு ரோஸ் மில்க்கை மூன்று கிளாஸில் ஊற்றினான். அடுத்து வந்த இரண்டு பெண்கள் ஒரு கோல்ட் காபி, பை டூ என்றார்கள். அதற்கடுத்தவர்களும் அப்படியே. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஒன்றை வாங்கி இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிப்பதற்குப் பெங்களூரில் பை டூ என்று பெயர், ஊர் முழுக்க உள்ள வழக்கம். பெட்டியும் லாயிடும் மல்லேஸ்வரத்துக்குத் துணி எடுக்கப் போனால் பை டூ காபி குடிக்காமல் திரும்பியதில்லை. அதனால் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், மனதில் ஒன்றும் பதியவில்லை. சண்டையை எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்பதிலேயே அவள் யோசனை இருந்தது.

அதற்குள் நாணு அவளைப் பார்த்துவிட்டான். அவனே சண்டையை ஆரம்பித்தான்.

"வாங்க மேடம், உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். பசங்களுக்கு என்னா சொல்லிக் குடுத்தீங்க? ஒரு ரோஸ் மில்க்குக்கு மூணு கிளாஸ் கழுவறேன். முன்னாடியெல்லாம் ஆளுக்கொன்னு வாங்கிட்டு கம்முனு போவாங்க."

பெட்டி சண்டையை மறந்தாள். திரும்பிப் பார்த்தாள். அந்தக் கோல்ட் காபிக்காரிகளில் ஒருத்தி இளவேனில். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி பி.சி.ஏ. படிக்கிறவள், வகுப்பில் முன் பெஞ்சு. அவளைக் கூப்பிட்டு, நேற்று இந்த மாதிரி எத்தனை குடித்தாய் என்று கேட்டாள். மூன்று என்றாள் இளவேனில். முழுசாகவா என்று கேட்டதற்கு, இல்லை மிஸ், எல்லாமே பை டூ என்றாள். போனில் கேள்வி வந்தபோது என்ன போட்டாய் என்று கேட்டாள் பெட்டி.

"மூணுன்னுதான் மிஸ். மூணு வாட்டி குடிச்சா மூணுதானே?" என்றாள் இளவேனில். மிஸ்ஸின் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துபோய், அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "நீங்கதானே மிஸ் பாதி குடிக்கச் சொன்னீங்க. மீதிய கீழ ஊத்த மனசு வரல. அதான் ஆளுக்குப் பாதி."

பெட்டி அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அவ்வளவு நீளம். ஜூலையில் ஆளுக்கொரு பாட்டிலைத் தனியாகக் குடித்துவிட்டு ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது அரை கிளாஸைக் குடித்துவிட்டு அதையும் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். பெங்களூர்ப் பிள்ளைகள் வேறு எப்படி எழுதுவார்கள்? பை டூ காபி குடித்தவரை எத்தனை காபி ஆயிற்று என்று கேட்டால் அரைக் காபி என்று இந்த ஊரில் யார் சொல்வார்கள்? அவளே சொல்லமாட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளி குடித்த கஞ்சியை மில்லி மில்லியாக எழுதிவைத்தவள், இங்கே எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு எவ்வளவு என்று கேட்க மறந்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதைவிட, நாணுவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நாணு இன்னும் கிளாஸ் கழுவுகிற கஷ்டத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆனால் ஆறுதல் வேறு, அத்தாட்சி வேறு. பங்கு போட்டுக் குடிப்பது ஜாலியாக இருக்கிறது என்று நாளுக்கு ஐந்தாறு தடவை கேன்டீனுக்கு வந்தால், பாதியும் பாதியும் சேர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிடாதா? இந்தச் சந்தேகத்தை அளந்துதான் தீர்க்க வேண்டும். நாணுவிடம் ஒவ்வொரு அளவிலும் ஒரு கிளாஸை இரவல் வாங்கிக்கொண்டு வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை. மேஜைமேல் கிளாஸ்களை வரிசையாக வைத்து, ஒவ்வொருவரும் வந்து, நேற்று எதில் குடித்தீர்கள், எதுவரை இருந்தது, எத்தனை தடவை என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னாள். ஜூலையில் எப்படி இருந்தது என்பதையும் காட்டச் சொன்னாள். சந்தைக்கடை மாதிரி சத்தம். ஹரிஷ்குமார் எழுந்து வந்து, மேட்ச் இருக்கிற நாளில் மட்டும் பெரிய பாட்டில், அது தனியாகத்தான் என்று உண்மையைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு ஸ்டாஃப் ரூமில் பரத்தும் அவளும் அந்த கிளாஸ்களில் தண்ணீர் ஊற்றி அளந்தார்கள். மேஜை ஈரமாகிறது என்று ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் ஜெயராமன் இரண்டு தடவை வந்து முறைத்துவிட்டுப் போனார். பரத் கணக்கைப் போட்டு, இந்தத் தடவை கேட்காமலே லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். குறைந்திருந்தது. அடியோடு இல்லை, மூன்றில் ஒரு பங்கு போல. சிலர் ஜூலையில் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், இரண்டு மூன்று பேர் ஏறிக்கூட இருந்தார்கள். பெட்டி நம்பாமல் இன்னொரு தடவை போடச் சொன்னாள். பரத் அலுத்துக்கொள்ளாமல் போட்டார். அதே விடைதான் வந்தது.

பிரின்சிபல் அறையில் அவள் எதையும் மறைக்கவில்லை. முதல் எண்ணைச் சொன்னாள், அது ஏன் தப்பு என்று சொன்னாள், தப்பு பிள்ளைகளுடையது இல்லை, கேள்வி கேட்ட தன்னுடையது என்றும் சொன்னாள். பிறகுதான் இரண்டாவது எண்ணைச் சொன்னாள். அவர் இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். அவள் புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கியே விட்டாள்.

கடைசியில் அவர் பேசியது வேறு விஷயம். தினமும் நானும் ஜெயராமனும் பை டூ காபிதான் குடிக்கிறோம், நாலைந்து தடவை ஆகும், ஆனால் டாக்டர் கேட்டால் இரண்டு என்றுதான் சொல்வேன் என்றார். பிள்ளைகள் பாதியை ஒன்று என்று எண்ணுகிறார்கள், நான் இரண்டு பாதியை ஒன்று என்று எண்ணுகிறேன், என்னைவிடப் பிள்ளைகள் யோக்கியம் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தாட்சி கேட்கிற மனிதர் சிரிப்பார் என்பதே பெட்டிக்கு அன்றுதான் தெரிந்தது. சிரித்து முடித்ததும் காரியத்துக்கு வந்தார். வியாழக்கிழமை வகுப்பு இருக்கட்டும், அடுத்த வருடம் இரண்டாம் ஆண்டுக்கும் ஒன்று எடுங்கள், கேள்வியை மட்டும் முதலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதால் அவள் தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் தலையாட்டியவர்களைப் போல இல்லாமல், நிஜமாகவே.

வெளியே வந்து மாடிப்படியில் நின்றுகொண்டு லாயிடுக்குப் போன் செய்தாள். கடையில் யாரோ பிரேக் ஒயர் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, இன்னொரு வகுப்பு கூட வருகிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். வாயில் வந்தது அது இல்லை.

"லாயிட், அவங்க கேட்டிருக்காங்க."

"யாரு? என்னா கேட்டாங்க?" என்றான் அவன், அந்தச் சத்தத்தில்.

"ஒன்னும் கேக்கல. நான் சொன்னத கேட்டிருக்காங்க."

லாயிடுக்குப் புரிந்தது. கடைக்கு வந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவள் அழுது முடிக்கிற வரை போனை வைக்காமல் காத்திருந்தான்.